காதுக்குக் கூலி இல்லாத சந்தை

சிறிய கார்களுக்கான சரக்கு-சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமல், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரை எஞ்சின் கொண்ட கார்களுக்கு இந்தச் சலுகை. விலைக் குறைப்பு பற்றியும் விற்பனை பற்றியும் அப்போது ஏராளமாக எழுதப்பட்டது. வாங்கிய காரைப் பத்தாண்டு காலம் வைத்துப் பராமரிக்கும் சந்தை எப்படி இயங்குகிறது என்பது பற்றி அநேகமாக யாரும் எழுதவில்லை. என் காரில் பதினான்கு மாதங்கள் நீடித்த ஒரு லொடலொடப்புச் சத்தத்தை முன்வைத்து அதை எழுத விரும்புகிறேன். பொருள் அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால், பொருளியல் வகுப்பில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதிவந்த இரண்டு கோட்பாடுகள், ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சத்தத்தின் வழியாகத்தான் எனக்கு முழுமையாக விளங்கின.

ஐந்து ஆண்டுகள் ஓடிய சிறிய கார் அது. ஏ.சி.யில் குளிர் குறைந்ததால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஒன்றில் விட்டேன். கூலிங் காயில் கசிகிறது என்று கூறி, டாஷ்போர்டைக் கழற்றி, புதிய காயில் பொருத்திக் கொடுத்தார்கள். குளிர் வந்தது. இரண்டு வாரம் கழித்து, தாம்பரம் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் (வரியைச் சொல்லவில்லை, அந்தப் பெயர் வரிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சாலைக்கு உண்டு) சென்றுகொண்டிருந்தபோது, டாஷ்போர்டின் இடப்பக்கத்தில் யாரோ தீப்பெட்டியைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வேகம் நாற்பதைத் தொட்டால் வரும். அறுபதைத் தாண்டினால் நின்றுவிடும். காலையில் இருக்கும், நண்பகல் வெயிலில் காணாமற்போகும்.

முதல் முறை கொண்டுபோனபோது லிங்க் ராடு தேய்ந்திருப்பதாகச் சொல்லி இரண்டையும் மாற்றினார்கள். கூலியுடன் 4,800 ரூபாய். சத்தம் போகவில்லை. இரண்டாம் முறை, முன்பக்க சஸ்பென்ஷனின் மேல் மவுன்ட்டும் சில புஷ்களும் மாற்றப்பட்டன. 7,350 ரூபாய். சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாம் முறை அங்கிருந்த இளைஞர் மிகுந்த மரியாதையுடன், “இந்த மாடலுக்கு இது நார்மல் சார்” என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்குத் தரப்பட்டிருந்த கருவிகளாலும் நேரத்தாலும் அதற்குமேல் எதையும் அறிய முடியாது என்பதை அவர் தமக்குத் தெரிந்த மொழியில் சொன்னார்.

காருக்குள் எழும் ஒலியைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தளர்ந்த இரண்டு பாகங்கள் விலகி விலகி மோதிக்கொண்டால் வருவது லொடலொடப்பு. இறுகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகள் ஒட்டுவதும் வழுக்குவதுமாக உராய்ந்தால் வருவது கிறீச்சொலி. வயலின் தந்தியில் வில் எழுப்பும் ஒலியும் இதே இயற்பியல்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் அதற்கே உரிய அதிர்வெண் உண்டு. சக்கரமும் எஞ்சினும் தரும் அதிர்வு அதனுடன் பொருந்தும்போது மட்டுமே அது பேசும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சத்தம் வருவதற்கு இதுவே காரணம். வெப்பமும் இதில் பங்கு வகிக்கிறது. பிளாஸ்டிக், இரும்பைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். வெயிலில் நிற்கும் காரில் டாஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொடுவது நம் ஊரில் வியப்பல்ல. விரிந்த பிளாஸ்டிக் இடைவெளியை அடைத்துவிடுவதால் பகலில் சத்தம் மறைகிறது, ஆறியதும் திரும்புகிறது. சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பார்ப்பதோ பகல் பதினொரு மணிக்கு! போதாக்குறைக்கு, கண்ணாடியும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், இடப்பக்கத்திலிருந்து வருவதாகத் தோன்றும் சத்தம் உண்மையில் பின்னிருக்கையின் அடியிலிருந்து வரக்கூடும்.

வாகனங்கள் அமைதியடைய அமைதியடைய இந்தச் சிக்கல் பெரிதாகிறது. 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ்-ராய்ஸ் விளம்பரம், மணிக்கு 60 மைல் வேகத்தில் அந்தக் காருக்குள் கேட்கும் பெரிய ஓசை அதன் மின்கடிகாரத்தினுடையது என்று பெருமைப்பட்டுக்கொண்டது. நிறுவனப் பொறியாளர்களுக்கு அந்தப் பெருமையின் மறுபக்கம் தெரிந்திருக்கும்: எஞ்சின் ஓசை மறைந்தால் கடிகாரம்கூடக் கேட்கும். மின்சாரக் கார்களில் இன்று நடப்பது இதுதான். பழைய டீசல் வண்டியின் உறுமல் மூடி மறைத்திருந்த நூறு சிறு ஒலிகள் இப்போது வெளியே வருகின்றன. அதனால்தான் உற்பத்தியாளர்கள் புதிய காரை நான்கு தூண்களின்மேல் நிறுத்திக் கணினி உதவியுடன் குலுக்கிப் பார்க்கிறார்கள். தொழிற்சாலையில் இத்தனை கவனம் பெறும் ஒலி, ஐந்தாம் ஆண்டில் ஒரு வாடிக்கையாளரின் புகாராக வரும்போது அதைக் கேட்க ஆளில்லை.

என் காரின் சத்தத்தைக் கண்டுபிடித்தவர், வீட்டுக்குப் பின்தெருவில் தகரக் கூரையின் கீழ்ப் பட்டறை வைத்திருக்கும் ஐம்பது வயது மெக்கானிக். காலை ஆறரை மணிக்கு வரச் சொன்னார். முதல் வேலையாக, கார் முழுவதையும் காலி செய்தார். டாஷ்போர்டு பெட்டியிலிருந்த காகிதங்கள், கதவுப் பைகளிலிருந்த நாணயங்கள், குடை, டிக்கியிலிருந்த ஜாக்கி, ஸ்டெப்னி என எல்லாவற்றையும் தரையில் அடுக்கினார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பின்னிருக்கையில் கண்ணை மூடி அமர்ந்தார். அடுத்த சுற்றில் முன்னிருக்கைக்கு வந்தார். மூன்றாம் சுற்றில் ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தார். டாஷ்போர்டு பெட்டிக்கு மேலே அழுத்தியபோது சத்தம் நின்றது. “ஏ.சி. வேலை எப்ப சார் பாத்தீங்க?” என்றார். நான் அதைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

பெட்டியைக் கழற்றினார். ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட் ஒன்று அதன் பிடியில் மாட்டப்படாமல் தொங்கி, காற்றுக்குழாயில் தட்டிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகளில் இரண்டு இல்லை. இந்தக் கிளிப்புகள் பெரும்பாலும் ஒருமுறை கழற்றினாலே உடைந்துவிடக்கூடியவை. மீண்டும் பொருத்தும்போது புதியவை போட வேண்டும். அவற்றின் விலை டீச்செலவு. அவசரத்தில் விட்டுவிடுவார்கள். ஏ.சி. பழுது, புதிய ஸ்டீரியோ, டிங்கரிங் ஆகிய வேலைகளுக்குப் பின் கார்கள் பேசத் தொடங்குவதற்கு இதுவே முதற்காரணம் என்றார் அவர். சாக்கெட்டைப் பிடியில் மாட்டி, ஃபெல்ட் டேப்பைச் சுற்றி, இரண்டு கிளிப்புகளைப் பொருத்தினார். முக்கால் மணி நேரம். நான் கேட்டதால் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்: டேப் 40, கிளிப் 30, கூலி 130. ஆக, 200 ரூபாய். சத்தம் அன்றோடு போயிற்று.

இனி, கணக்குக்கு வருகிறேன். ஒரு பக்கம் 12,150 ரூபாய் செலவில் தீராத சிக்கல். மறுபக்கம் 200 ரூபாயில் தீர்வு. பெரிய நிறுவனம் ஏமாற்றியது, ஏழை மெக்கானிக் நேர்மையாளர் என்று இதைக் கதையாக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ரசீதுகளிலும் ஒரே வரி விடுபட்டிருக்கிறது: பழுதைக் கண்டறிந்ததற்கான கட்டணம். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வேலைக்கும் குறியீடு உண்டு. அதற்கு வகுக்கப்பட்ட நேரம் உண்டு. அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. லிங்க் ராடு மாற்றுவதற்குக் குறியீடு இருக்கிறது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று சுற்று வருவதற்குக் குறியீடு இல்லை. எனவே, அங்கே சந்தேகம் என்பது பாகமாக மாற்றப்பட்டு விற்கப்படுகிறது. தெரு மெக்கானிக்கோ தம் முப்பதாண்டுக் காதை இலவசமாகக் கொடுத்துவிட்டு, டேப்புக்கும் கைவேலைக்கும் மட்டும் பணம் வாங்குகிறார். கண்டுபிடித்ததற்கு 500 ரூபாய் என்று அவர் எழுதியிருந்தால், தெருவில் பாதிப் பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள். நானே முகம் சுளித்திருப்பேனோ என்னவோ.

மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளியலாளர்கள் 1973இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ‘நம்பிக்கைப் பண்டம்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். வாங்கி முடித்த பிறகும் அது உண்மையில் தேவைப்பட்டதா என்பதை வாங்கியவரால் அறிய முடியாத பண்டம் அது. வாகனப் பழுதுநீக்கம் அதற்கு இயல்பான எடுத்துக்காட்டு. நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராகவே இருக்கும்போது மருந்து கூடுதலாக விற்கும். என் லிங்க் ராடு உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பழையதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாலும் பார்த்துச் சொல்லும் அறிவு எனக்கு இல்லை.

இன்னொரு கோட்பாடு ஜார்ஜ் அகெர்லோஃபுடையது. பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து 1970இல் அவர் எழுதிய கட்டுரைக்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டியின் விலையே கிடைக்கும் என்பது அதன் சாரம். லொடலொடப்பில் விநோதம் என்னவென்றால், விற்பவருக்கும் குறை தெரிவதில்லை. சத்தம் 40 ரூபாய் டேப்பைக் கேட்கிறதா, 40,000 ரூபாய் வேலையைக் கேட்கிறதா என்பது இருவருக்கும் புதிர். என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் பின்பக்கச் சத்தத்தைத் தாங்க முடியாமல், ஆறாண்டு ஓடிய நல்ல காரை அவர் எதிர்பார்த்ததைவிட அறுபதாயிரம் குறைத்து விற்றார். வாங்கிய வியாபாரி பின்னிருக்கையின் பூட்டில் ரப்பர் துண்டு ஒன்றை வைத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டதாகப் பிறகு தெரியவந்தது. அந்த அறுபதாயிரம், கண்டறியும் திறமைக்குச் சந்தை இல்லாததால் நண்பர் செலுத்திய வரி.

ஆகவே, முதற்கட்டக் கண்டறிதலை நாமே செய்துகொள்வது நல்லது. அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். காரைக் காலி செய்தாலே கணிசமான சத்தங்கள் போய்விடும். மீதமிருந்தால், எந்தச் சாலையில், எந்த வேகத்தில், காலையிலா மாலையிலா, ஆள் ஏறினால் கூடுகிறதா குறைகிறதா என்று ஒரு வாரம் குறித்துக்கொள்ளலாம். வேறொருவர் ஓட்ட, நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும்; ஓட்டுபவரே தேடக் கூடாது. சீட் பெல்ட்டின் உலோக நாக்கு தூணில் தட்டுகிறதா, ஆளில்லாத இருக்கையின் தலைச்சாய்ப்பு ஆடுகிறதா, நம்பர் பிளேட் தளர்ந்திருக்கிறதா, பின்கண்ணாடி அருகேயுள்ள தட்டு குதிக்கிறதா என்பவற்றைக் கையால் பிடித்துப் பார்த்தே அறியலாம். நிறுத்திய காரில் தாழ்ந்த சுருதி ஒலிகளை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டால் தளர்ந்த கதவுப் பலகை தானே காட்டிக்கொடுக்கும். கதவு ரப்பர் பீடிங்கில் கிறீச்சிட்டால் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். எஞ்சின் ஆயிலைத் தடவக் கூடாது. அது ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பிரேக் அழுத்தும்போது மாறும் சத்தம், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வரும் சத்தம், சக்கரத்தின் பக்கமிருந்து வரும் ‘டொக் டொக்’ ஆகியவற்றுக்கு டேப் மருந்தல்ல. அவை முதலில் ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கப்பட வேண்டியவை. “நார்மல் சார்” என்ற பதிலின் ஆபத்தும் இதுதான். சத்தத்துக்குப் பழகிப்போன காது, நாளை வேறொரு சத்தம் வரும்போது பழையதுதான் என்று எண்ணிவிடும்.

சட்டம் இங்கே அதிகம் உதவுவதில்லை. உத்தரவாதக் கையேடுகளில் செயல்பாட்டைப் பாதிக்காத ஒலியும் அதிர்வும் விலக்குகளாகவே இடம்பெறுவது வழக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 38ஆம் பிரிவு, பொருளின் குறையை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிய வழிசெய்கிறது. காலை ஆறரை மணிக்கு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வரும் குறையை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது?

சாலையையும் சொல்லாமல் விட முடியாது. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருக்கலாம் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற தொழில்நுட்ப அமைப்பு வகுத்திருக்கிறது. நம் தெருக்களில் இருப்பவை பல, ஒரு முழ அகலத்தில் தெருக்காரர்களே சிமென்டால் எழுப்பிய வரப்புகள். கிளிப்புகள் தளர்வது அங்கேதான்.

ஆனால், கொள்கை அளவில் முக்கியமான கேள்வி வேறு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் கையேடுகளும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி சந்தையை மூடிவைத்ததே குற்றம். வெளியே பழுது பார்த்ததற்காக மட்டும் உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது என்றும் ஆணையம் கூறியது. அபராதம் மேல்முறையீடுகளுக்குள் சென்றது. 2022 ஜூலையில் நடுவண் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களும் நான்காவது துறையாகச் சேர்க்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் விரும்பினால் தகவல் தரலாம் என்ற அளவில் அது நிற்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இதை விருப்பத்துக்கு விடவில்லை. 2012இல் மக்கள் வாக்கெடுப்பும் சட்டமும் வழியாக, உரிமம் பெற்ற டீலர்களுக்குத் தரும் கண்டறியும் தகவலை நியாயமான விலையில் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

என் சாக்கெட்டைக் கண்டுபிடிக்கக் கணினியோ கையேடோ தேவைப்படவில்லையே என்று கேட்கலாம். டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றுவதுவரை தேவைப்படவில்லை. ஏர்பேக் ஒயர்கள் ஓடும் இடங்களிலும், மின்சாரக் காரில் உயர் மின்னழுத்த ஆரஞ்சு நிறக் கேபிள் செல்லும் இடங்களிலும் கையேடு இல்லாமல் கைவைப்பது உயிராபத்து. அங்கே காது மட்டும் போதாது. காதும் கையேடும் ஒருவரிடமே சேர்வதற்கு நம் சட்டத்தில் இன்று வழியில்லை.

வரி அமைப்பையும் கவனிக்க வேண்டும். புதிய மின்சாரக் காருக்கு வரி 5 விழுக்காடு. பதிவு பெற்ற பட்டறையில் பழைய காரைச் சரிசெய்யும் கூலிக்கு 18 விழுக்காடு. ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு பட்டறைகள் பதிவுக்குள் வருவதில்லை என்பதால் என் மெக்கானிக் தப்பிக்கிறார். ஆனால் இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, கொஞ்சம் வளர்ந்தால் தப்பமாட்டார். பழுதுநீக்கும் கூலிக்கான விகிதத்தை மட்டுமாவது 5 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவதில் அரசுக்குப் பெரிய இழப்பு இராது என்பது என் கருத்து. சர்வீஸ் சென்டர்கள் ஜாப் கார்டில் ‘கண்டறிதல்’ என்று தனி வரி சேர்த்து, அதற்கு வெளிப்படையாகக் கட்டணம் வாங்கலாம். பாகம் மாற்றியும் குறை நீங்காவிட்டால் அந்தப் பாகத்தின் கூலியைத் திருப்பித் தரும் கடமையும் அதனுடன் சேர வேண்டும். ஆயிரம் ரூபாய் கண்டறிதல் கட்டணம் கேட்டிருந்தால் நான் மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்பேன், பதினோராயிரம் மிச்சமாகியிருக்கும்.

தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. மின்சார வாகனப் பயிற்சிக்கான வசதிகளும் அவற்றில் அடக்கம். பகலில் இளைஞர்கள் பயிலும் அந்தக் கூடங்களை, மாலை ஏழு மணிக்குமேல் தெருப் பட்டறைக்காரர்களுக்குத் திறந்துவிடலாம். பள்ளிப்படிப்பு இல்லாமலே தொழிலைக் கற்றவர்களுக்குச் சான்றளிக்கும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற நடைமுறை நடுவண் அரசின் திறன் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் சட்டம் தேவையில்லை.

இதை என் மெக்கானிக்கிடமும் சொன்னேன். அவருடைய மகன் பட்டறைக்கு வரவில்லை. உணவு விநியோக நிறுவனத்துக்கு வண்டி ஓட்டுகிறான். ஐம்பது வயதில் வகுப்புக்குப் போவதா என்று சிரித்தார். பிறகு, தெருமுனையில் நின்றிருந்த புதிய மின்சாரக் காரைக் காட்டி, “அந்த வண்டிக்காரர் போன வாரம் வந்தாரு சார். பின்னாடி ஏதோ தட்டுதுன்னாரு. கேட்டேன், இடம் தெரிஞ்சுபோச்சு. ஆனா சீட்டுக்கு அடியில என்ன ஓடுதுன்னு தெரியாம கை வைக்க பயமா இருந்துச்சு. கம்பெனிக்கே போங்கன்னு அனுப்பிட்டேன்” என்றார். வகுப்பு எத்தனை நாள், கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். அப்படியொரு வகுப்பு இன்னும் தொடங்கப்படவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.